முந்தி வந்த சத்தம்

சத்தத்தில் ஒரு கல் இருந்தது.

ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்தது வெறும் ஒற்றைச் சுரம். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. கருவிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக விடுகிற, யாரும் ரசிப்பதற்கில்லாத ஒரு நாதம். அதன் வழவழப்புக்கு நடுவில் எப்போதாவது ஒரு 'டிக்'. சோற்றில் கல் கடிபடுமே, அந்த மாதிரி. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தால் வராது. போனால் போகிறது என்று அடுத்த வேலையில் கை வைக்கும்போது நறுக்கென்று வரும். வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அக்காவுக்குப் பாம்புச்செவி. அடுப்பில் பால் பொங்குவது பொங்குவதற்கு முன்பே அவளுக்குக் கேட்கும் என்று தம்பி கேலி செய்வான்.

அந்த நாடகக் குழுவில் வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாம் தம்பி கொண்டுவந்த பழக்கம். அவள் அரங்கத்தின் கடைசியில் சத்தத்தையெல்லாம் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மேடையில் மைக் வைப்பது, ஒயர் இழுப்பது, ஏணியில் தொங்குவது எல்லாம் அவன். வாய்க்கு வாய் 'அக்கா, அக்கா'. வாயை மூடத் தெரியாத பிறவி. தூக்கத்திலும் பேசுவான். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது, காதைத் திருகியது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் விழித்திருந்தது எல்லாம் இவள்தான். இந்தத் தொழிலுக்குள் இழுத்துவிட்டதும் இவள்தான். அவனை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது. அவனுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்று மனசு ஆரம்பிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

மத்தியானம். அவர்கள் இரண்டு பேரைத் தவிர குழு மொத்தமும் சாப்பிடப் போயிருந்தது. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே ஜன்னலே இல்லாத அரங்கத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. வந்து இறங்கியதிலிருந்தே அந்த அரங்கத்துக்கு அவர்களைக் கண்டால் ஆகவில்லை. காலையில் கதவு திறக்க மறுத்தது. உள்ளே நுழைந்ததும் ஈரத்தில் ஊறிக் காய்ந்த கம்பளத்தின் வாடையும் எலி செத்த வாடையும் சேர்ந்து மூஞ்சியில் அடித்தன. வரிசை வரிசையாக மடிந்த நாற்காலிகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றன. ஏசி மாலையில் நிகழ்ச்சிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். விளக்கும் மேடைக்கு நடுவில் ஒன்றே ஒன்று, அதுவும் புழுக்கமான மஞ்சள் வெளிச்சத்தோடு மேடையை மட்டும் காட்டிவிட்டு மற்றதையெல்லாம் இருட்டுக்குத் தாரைவார்த்திருந்தது.

இதற்கெல்லாம் மேலே அந்த அரங்கத்தின் எலக்ட்ரீஷியன். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, சொந்த வீட்டில் திருடன் புகுந்த மாதிரி அவர்கள் பின்னாலேயே அலைந்தார்.

"இந்தாம்மா, எங்க செவுத்துல எதையும் சொருகக் கூடாது," என்று காலையிலேயே சட்டம் போட்டார்.

"வாசல் ஹால்ல ஒரு ஸ்பீக்கர் வெக்கணும்ணே. லேட்டா வர்றவங்களுக்குக் கேக்கணும்ல?"

"லேட்டா வர்றவங்க லேட்டாவே கேக்கட்டும்."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா இந்தப் பக்கம் சொருகிவிட்டாள். மிக்ஸருக்குப் பக்கத்துச் சுவரில், சுண்ணாம்பு அப்பிக்கிடந்த ஒரு பழைய சாக்கெட். பேனாக்கத்தியால் சுரண்டி, கருவிகளை அடுக்கியிருந்த தன் ரேக்கிலிருந்து ஒரு நெட்வொர்க் ஒயரை இழுத்து அதில் மாட்டினாள். வாசல் வரை ஒயர் இழுக்கும் பாடு மிச்சம் என்பது ஒரு காரணம். வீம்பு இன்னொரு காரணம். மாட்டிய மாத்திரத்தில் ஒயர் முனையில் பச்சை விளக்கு எரிந்தது. வாசல் ஸ்பீக்கரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இப்போது இந்த 'டிக்'.

அவளுக்குத் தெரியாத நோயில்லை. இந்தக் காலத்துக் கருவிகள் சத்தத்தை முழுசாக அனுப்புவதில்லை. பொடிப்பொடியாக நறுக்கி, ஒயர் வழியே தள்ளி, மறுமுனையில் திரும்ப ஒட்டிவைக்கின்றன. நறுக்குகிறவனும் ஒட்டுகிறவனும் ஒரே தாளத்தில் இருந்தாகவேண்டும். தாளம் போடுகிற கருவிக்குக் க்ளாக் என்று பெயர். ஒரு கூட்டத்துக்கு ஒரே க்ளாக்தான். ஒரே உறையில் இரண்டு கத்தி இருந்தால் உரசத்தான் செய்யும், அந்த உரசல்தான் 'டிக்'.

அக்காவுக்குச் சொந்தமாக நல்ல க்ளாக் பெட்டி ஒன்று இருந்தது. 'நீதான் தலைவன்' என்று அதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு கட்டளை கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் கருவிகள் தங்களுக்குள்ளேயே கூடித் தலைவனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். தேர்தல் விதி ரொம்ப எளிது. 'என் தாளம்தான் எல்லாரையும்விடத் துல்லியம்' என்று எவன் சொல்கிறானோ அவன் தலைவன். சொல்வது மெய்யா பொய்யா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் கருவிகளுக்கும் மனிதர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. காலையில் எலக்ட்ரீஷியன்மேல் இருந்த எரிச்சலில் அந்தக் கட்டளையைக் கொடுக்க அவள் மறந்துபோயிருந்தாள்.

திரையைத் தட்டிப் பார்த்தாள். மிக்ஸர் மட்டும் அவள் பெட்டியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. மற்ற கருவிகள் அத்தனையும் வேறொரு தலைவனுக்குப் பின்னால் போய்விட்டிருந்தன. தலைவனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. காலியான கட்டம், பக்கத்தில் பச்சைப் பொட்டு. அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இந்த அரங்கத்தின் ஏதோ ஒரு கருவி உட்கார்ந்து நாட்டாமை பண்ணுகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

நியாயமாகப் பார்த்தால் சுவர் ஒயரைப் பிடுங்கியிருக்கவேண்டும். பிடுங்கினால் எலக்ட்ரீஷியன் ஜெயித்த மாதிரி. தவிர, அந்தப் பெயரில்லாத தாளம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. திரையில் அதன் கோடு ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அப்படியொரு கோட்டை அவள் பார்த்ததில்லை. எது துல்லியமோ அதுவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தன் பெட்டியின் ஒயரைக் கழற்றினாள். மிக்ஸரும் கட்சி மாறியது. ஒரே தாளம்.

'டிக்' நின்றது.

அதோடு இன்னொன்றும் நின்றது. எந்தக் கருவிக்கும் ஒரு மூச்சு உண்டு. யாரும் பேசாதபோதும் ஹெட்போனின் அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் தூங்குகிற அறையில் இருக்குமே, அப்படி. அது போய்விட்டது. சுரத்தை நிறுத்தியதும் ஹெட்போனுக்குள் இருந்தது அமைதி இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல ஒரு வெறுமை. அக்காவுக்குப் பின்கழுத்தில் லேசாகச் சிலிர்த்தது. வேர்வை காய்கிறது என்று துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, ட்ரம்ம ஒரு தட்டு தட்டு," என்றாள் பேச்சு மைக்கில். மேடையில் அவள் குரலுக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு.

தம்பி சட்டையில் காலர் மைக் குத்தியிருந்தான். குச்சியை எடுத்தான், ஓங்கினான்.

'டம்.'

பிறகுதான் குச்சி தோலில் விழுந்தது.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "இன்னொண்ணு."

'டம்.' குச்சி விழுந்தது.

இமைக்கும் நேரம்தான். ஆனால் தொழிலே அந்த இமைக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. சத்தம் பிந்தும். ஒயரில் பிந்தும், காற்றில் பிந்தும், கருவிக்குக் கருவி பிந்தும். அதை இழுத்துப் பிடிப்பதுதான் அவள் சம்பாத்தியம். சத்தம் முந்தாது. இடி மின்னலுக்கு முன்னால் இடிக்காது. அவள் ஹெட்போனைக் கழற்றி ஊதிவிட்டு மறுபடி மாட்டினாள், என்னவோ தூசிதான் காரணம் என்பதுபோல.

"யாரக் கேட்டு இத நோண்டினே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். எலக்ட்ரீஷியன். சுரண்டிய சுண்ணாம்பு தரையில் உதிர்ந்து கிடந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சாக்கெட் எதுக்குண்ணே இருக்கு? சொருகத்தானே?" என்றாள். பயந்திருக்கும்போது அவளுக்கு வாய் நீளும்.

"அடிப் போம்மா! இது செத்த சாக்கெட்டு. இதுக்குப் பின்னாடி ஒயரே கெடையாது."

"லைட் எரியுதே."

"எரியுமா? எரியுமா?" அவர் ஸ்க்ரூடிரைவரை உருவிக்கொண்டு குனிந்தார். இவள் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்ற வேகத்தில் திருகாணியைக் கழற்றி மூடியை வெளியே இழுத்தார். டார்ச்சை அடித்தார்.

மூடியின் பின்பக்கம் பித்தளைக் காதுகள் நான்கும் மொட்டையாக இருந்தன. ஓர் ஒயர்கூட இல்லை. சுவரில் ஒரு குழி. குழியில் சிமெண்ட் பூசி இறுகிக் கிடந்தது. மூடி அவர் கையில் காற்றில் தொங்கியது. அதில் சொருகியிருந்த அவள் ஒயரின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. துடித்தது, துடித்தது, ஒரு மயிரிழை பிசகாமல்.

எலக்ட்ரீஷியன் பாம்பைத் தொட்டவர்போல மூடியைக் கீழே விட்டார். அதுவரை இருந்த அதிகாரமெல்லாம் எங்கே போனதோ.

"நான்... மேனேஜரக் கூட்டியாறேன்," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க நடந்தவர், கடைசி வரிசையைத் தாண்டியதும் ஓடினார். கதவு சாத்திக்கொண்டது.

அவர் வரமாட்டார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நாமும் போய்விடவேண்டும் என்றும் தெரிந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு வெயிலுக்குப் போய் நிற்கவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அவள் பேச்சு மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள். ஹெட்போனில் தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, பசிக்குதுக்கா. போலாமா?"

"வா, போலாம்," என்றாள்.

மேடையில் தம்பி குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் உதடு மூடியிருந்தது. ஒயர் சுருளைக் கீழே வைத்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அப்புறம்தான் வாய் அசைந்தது. அக்கா, பசிக்குதுக்கா. போலாமா? ஒவ்வொரு சொல்லாக அவன் உதட்டில் அவளால் படிக்க முடிந்தது. ஹெட்போனில் அப்போது வேறு கேட்டுக்கொண்டிருந்தது: அவன் மூக்கை உறிஞ்சுவது, செருப்பு மேடையில் தேய்வது, ஏதோ ஒரு மெட்டை முனகுவது. அதன்பின் அவன் கொஞ்சம் எரிச்சலாக, "எதுக்குக்கா இப்பிடிக் கத்துறே? நான் எங்க ஏறுனேன்?"

அக்கா கத்தவே இல்லை.

மேடையைப் பார்த்தாள். தம்பி மூக்கை உறிஞ்சினான். செருப்பைத் தேய்த்தான். தலையை ஆட்டி எதையோ முனகினான். எல்லாம் அவள் கேட்ட அதே வரிசையில், ஒப்பிக்கிற மாதிரி. பிறகு தூக்கிவாரிப்போட்டதுபோல அவள் குரல் வரும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினான். அங்கே என்ன கேட்டதோ, அவன் முகம் சுருங்கியது. கையை விரித்து அவளைப் பார்த்து வாயசைத்தான். எதுக்குக்கா இப்பிடிக் கத்துறே?

அவளுடைய குரல். அவள் இன்னும் கத்தாத ஒரு கத்தல், அவனுக்குக் கேட்டிருக்கிறது.

தாளம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, ஆள் பின்னால் விழுந்துகொண்டே இருந்தான். இடைவெளி வளர்ந்தது. ஹெட்போனில் இப்போது தம்பி, "மேல ஏதாச்சும் சரியில்லையா? ஆமா, அந்தத் தொங்கு மைக்கு கோணலா இருக்கு. இரு, பாத்துட்டு வந்துர்றேன்," என்றான். இரும்பு ஏணியில் கால் ஏறும் சத்தம் வந்தது. ணங். ணங். ணங். அந்த ஏணி மேடையோரச் சுவரிலிருந்து உச்சியில் விளக்குகள் தொங்கும் இரும்புப் பாலத்துக்குப் போவது. மூச்சு வாங்கியது. முனகல் பாட்டு. பாலத்தின் பலகை கிறீச்சிட்டது. துணி எதிலோ மாட்டிக் கிழிந்தது. செருப்பு வழுக்கியது.

"அக்..."

காற்று.

பிறகு அந்தச் சத்தம். அதைச் சத்தம் என்று சொல்லக்கூடாது. மூட்டை விழுந்தால் அப்படி விழாது. நடுவில் ஏதோ உடைந்தது.

பிறகு ஒரு முனகல்.

மேடையில் தம்பி சும்மா நின்றுகொண்டிருந்தான். அண்ணாந்து மேலே பார்த்தான். உதடு அசைந்தது. மேல ஏதாச்சும் சரியில்லையா?

அக்கா பேச்சு மைக்கின் கழுத்தைப் பிடித்தாள். "ஏறாதே! மேல ஏறாதேடா! ஏறாதே!" தொண்டை கிழிந்தது. நரம்பு புடைத்தது. கத்திக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துபோயிற்று. இதுதான் அந்தக் கத்தல். இதைக் கேட்டுத்தான் அவன் மேலே பார்த்தான். மேடை ஸ்பீக்கரிலிருந்து எதுவும் வரவில்லை. வரவேண்டியது வந்து முடிந்துவிட்டது. ஹெட்போனைப் பிய்த்தெறிந்துவிட்டு வெறும் வாயால் கத்தினாள். வாய் திறந்தது, மூச்சு போனது. அரங்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை.

தம்பி ஏணியை நோக்கி நடந்தான்.

ஒயரைப் பிடுங்கினாள். மூடி கழன்று தரையில் உருண்டது. திரையில் பச்சைப் பொட்டு அப்படியே இருந்தது. காலியான கட்டம் அப்படியே இருந்தது. ரேக்கிலிருந்தும் பிடுங்கினாள். அப்படியே இருந்தது. தன் பெட்டியை மாட்டினாள், 'நீதான் தலைவன், நீதான், நீதான்' என்று விரலால் திரையைக் குத்தினாள். அவள் பெட்டியின் பெயர் வந்தது. அழிந்தது. காலியான கட்டம்.

தம்பி முதல் படியில் கால் வைத்தான்.

மொத்தத்துக்கும் மின்சாரம் போகும் பெட்டி அவள் காலடியில் இருந்தது. ஓடுகிற கருவிகளை அப்படி ஒரேயடியாகச் சாகடிக்கக் கூடாது. ஸ்பீக்கர் கிழியும், ஆம்ப் கருகும், மாலை நிகழ்ச்சி நாசம். எக்கேடோ கெடட்டும். குனிந்து கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

'டப்.'

திரைகள் அணைந்தன. கருவிகளுக்குள் விசிறிகள் இழுத்து இழுத்து நின்றன. மேடையில் அரங்கத்தின் மஞ்சள் விளக்கு மட்டும்.

"டேய்! எறங்குடா!"

இந்தத் தடவை குரல் வந்தது. அரங்கம் முழுக்கப் போய் இடித்துத் திரும்பி வந்தது. பாதி ஏணியில் இருந்த தம்பி நின்றான். அணைந்த கருவிகளைப் பார்த்தான். கரெண்ட் போச்சு என்று நினைத்திருக்கவேண்டும், தலையை ஆட்டிவிட்டு இறங்க ஆரம்பித்தான். ஒவ்வொரு படியாக. பத்திரமாக. கடைசிப் படியிலிருந்து எப்போதும்போல ஒரு குதி குதித்துத் தரையில் நின்றான்.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள். சாமி, சாமி என்று அரற்றினாள். அவன் இருக்கிறான். முழுசாக இருக்கிறான். இனி அவனை ஏணியில் ஏறவிடுவதில்லை, இந்தத் தொழிலே வேண்டாம், வேறு ஏதாவது பிழைப்புப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே மேடையை நோக்கி நடந்தாள். பாதி வழி போனபிறகுதான் அவளுடைய காது அவளிடம் சொன்னது.

அவன் இறங்கியபோது ஏணி சத்தம் போடவில்லை.

குதித்தானே, மேடை சத்தம் போடவில்லை.

தம்பி மேடை விளிம்புக்கு வந்தான். சிரித்தான். என்னக்கா, ஏன் அழுவுறே என்று அவன் வாய் கேட்டது. பல் தெரிந்தது, நாக்கு புரண்டது, தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. அவள் பதில் சொல்லவில்லை என்றதும் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தான். கையைத் தட்டினான். உள்ளங்கை உள்ளங்கையில் மோதுவது தெரிந்தது, சிவப்பது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு என்னவோ தோன்றியிருக்கவேண்டும். ட்ரம்மிடம் ஓடினான். குச்சியை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தான். தோல் அதிர்ந்தது. அதன்மேல் இருந்த தூசி எழும்பிக் குதித்தது. சத்தம் இல்லை. சத்தம் இல்லை. அவன் அடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

மேலே, யாருமில்லாத இரும்புப் பாலத்தில், பலகை கிறீச்சிட்டது.

ஹெட்போன் அங்கே பின்னால் தரையில் கிடந்தது. எல்லாக் கருவியும் செத்துக் கிடந்தது. காற்றில் வந்தது அது; ஆள் இறங்கிவிட்டான், அவன் சத்தம் இறங்கவில்லை. முனகல் பாட்டு. துணி கிழிந்தது. செருப்பு வழுக்கியது.

"அக்..."

தம்பிக்கு ஓர் எட்டு தள்ளி, மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவில், வெறும் பலகையில், அந்தச் சத்தம் விழுந்தது. பலகை அதிர்ந்தது. அவள் காலுக்குக் கீழே கம்பளம்வரை அதிர்ந்தது. அங்கே எதுவும் இல்லை.

அக்கா மேடைமேல் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. தம்பி கையை நீட்டிக்கொண்டு வந்தான், முகமெல்லாம் பயம், அக்கா அக்கா என்று உதடு அடித்துக்கொண்டது. அவன் நெஞ்சைப் பிடித்து அதில் காதை வைத்தாள். சட்டை சூடாக இருந்தது. கன்னத்தில் இதயம் முட்டியது, முட்டியது. காதில் ஒன்றும் விழவில்லை. பாம்புச்செவியில் ஒரு துளி விழவில்லை.

"அக்கா..."

தரையிலிருந்து.

"அக்கா... வலிக்குதுக்கா."

அது அவன் குரல். காய்ச்சல் வந்தால் பேசுவானே, அந்தக் குரல். அவள் அவனை உதறிவிட்டுக் குரலிடம் ஓடினாள். மண்டியிட்டாள். இரண்டு கையாலும் தரையைத் தடவினாள். பலகை. ஆணி. பலகை. விரல் நடுவே மூச்சுச் சத்தம் வந்தது, ஈரமாக, கொழகொழவென்று, இழுத்து இழுத்து. எங்கே பிடிப்பது? எதைத் தூக்குவது?

"இங்கதான்டா இருக்கேன். அக்கா இங்கதான் இருக்கேன்."

"எங்கக்கா? தெரியலையே..."

"இங்கடா கண்ணு. இங்க பாரு. பேசு. பேசிக்கிட்டே இரு. நீதான் வாய மூட மாட்டியே. பேசுடா."

மூச்சு ஒரு தடவை உள்ளே போனது. அவள் குனிந்து பலகையோடு பலகையாகக் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள். வெளியே வருவதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

காத்திருந்தாள்.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது. நடந்து வந்த சத்தம் இல்லை. மூச்சும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து பிடித்துக்கொண்டு நடந்த கை. கட்டைவிரலில் காய்ப்புக்கூட அவளுக்குத் தெரியும். சூடாக இருந்தது. அக்கா திரும்பவில்லை. கை அவள் தோளை மெல்ல உலுக்கியது. நிறுத்திவிட்டு, மறுபடியும் உலுக்கியது.